மேசை மேல் நிறுத்திய அட்டை

2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவுக்குச் சில நாட்கள் முன்பு, மந்தைவெளியில் உள்ள எங்கள் வீட்டுக்குத் தேர்தல் அலுவலர்கள் வந்தார்கள். 85 வயதைக் கடந்தவர்கள் வீட்டிலிருந்தபடியே வாக்களிக்கலாம் என்ற ஏற்பாட்டின்படி அம்மாவின் வாக்கைப் பெறுவதற்காக வந்த அவர்கள், சாப்பாட்டு மேசையைத் துடைக்கச் சொல்லி, கையோடு கொண்டுவந்த மடிப்பு அட்டையை விரித்து அதன் மேல் மூன்று பக்கமும் மறையும்படி நிறுத்தினார்கள். பிறகு அவர்களில் மூத்தவர் என்னைப் பார்த்து, "சார், நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே இருங்கள்" என்றார். அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரியும், கையும் நடுங்காது என்பதால் உதவிக்கு ஆள் தேவையில்லை என்று அவர் சொன்னது முற்றிலும் சரியே. நான் பிறந்து வளர்ந்த வீட்டின் கூடத்திலிருந்து, என்னைப் பெற்றவளின் வாக்கு என் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக ஓர் அரசு அலுவலர் என்னை வெளியேற்றினார். தாழ்வாரத்தில் நின்றிருந்த அந்த ஐந்து நிமிடங்களில் எனக்கு அவர் மீது பெரும் மரியாதை உண்டாயிற்று.

பணியில் இருந்த காலத்தில் நானும் மூன்று முறை வாக்குச்சாவடிப் பணிக்குச் சென்றிருக்கிறேன். அரக்கை உருக்கி முத்திரை வைத்திருக்கிறேன். விரலில் மை வைத்திருக்கிறேன். மருமகளோடு மறைப்பு வரைக்கும் நடந்துவந்த மாமியார்களைப் பின்னே நிற்கச் சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் விதிப்புத்தகத்தில் இருப்பதால் செய்தேனே தவிர, அந்த அட்டை எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பார்த்ததில்லை. ஓய்வுக்குப் பின் ஐரோப்பிய நாடுகளின் தேர்தல் வரலாற்றை ஆர்வத்துடன் படித்துவருகிறேன். பொதுவாக அந்த வரலாற்றை, வாக்குரிமை யாருக்கெல்லாம் எந்த ஆண்டில் கிடைத்தது என்ற வரிசையில்தான் எழுதுகிறார்கள். படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது வேறு: ஐரோப்பாவின் பல நாடுகளில் வாக்கு முதலில் வந்தது, மறைப்பு வெகு காலம் கழித்து வந்தது, அந்த இடைவெளி முழுவதும் வாக்கு வேறொருவருடைய உடைமையாகவே இருந்தது.

எங்கள் சென்னையிலிருந்தே தொடங்கலாம். 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்த தாமஸ் பிட்டைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள், அவர் இங்கே வாங்கி ஐரோப்பாவில் விற்ற பெரிய வைரத்தைத்தான் நினைவுகூர்வார்கள். அவர் ஆளுநராவதற்கு முன்பே இங்கிலாந்தில் ஓல்டு சேரம் என்ற இடத்தை விலைக்கு வாங்கியிருந்தார். ஒரு காலத்தில் கோட்டையும் பேராலயமும் இருந்த அந்த மேடு, பிட்டின் காலத்தில் ஆளில்லாத புல்வெளியாகிவிட்டது; ஆனாலும் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் உரிமை மட்டும் அந்த மண்ணை விட்டுப் போகவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்காளர்கள் அனைவரும் நில உரிமையாளரின் ஆட்கள் என்பதால், நிலத்தை வாங்கியவர் இரண்டு இடங்களையும் சேர்த்தே வாங்கினார். 1735இல் அவருடைய பேரன் வில்லியம் பிட், பின்னாளில் பிரிட்டனை வழிநடத்தியவர், நாடாளுமன்றத்துக்குள் முதன்முதலாக நுழைந்தது இந்தப் புல்வெளியின் உறுப்பினராகத்தான்.

இதைவிட மனத்தை வருத்தும் தொடர்பு சேப்பாக்கத்தில் இருக்கிறது. கடற்கரைக்குப் போகும் வழியில் நாம் பார்க்கும் சேப்பாக்கம் அரண்மனை, ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்காக 1768இல் கட்டப்பட்டது. அதைக் கட்டியவர் என்று சொல்லப்படும் பால் பென்ஃபீல்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராக இருந்துகொண்டே நவாபுக்குக் கொடுத்த கடனிலும் வட்டியிலும் பெருஞ்செல்வம் சேர்த்தவர். நவாபின் கடனை அடைக்கக் கர்நாடகப் பகுதியின் குடியானவர்கள் வரியாகக் கட்டிய பணம் இங்கிலாந்துக்குப் போய், அங்கே தொகுதிகளை வாங்கப் பயன்பட்டது. 1785 பிப்ரவரி 28 அன்று உறுப்பினர் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் நிகழ்த்திய நீண்ட உரையில், பென்ஃபீல்டு தம்மையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை உருவாக்கிவிட்டார் என்று குற்றம் சாட்டினார். செங்கற்பட்டிலும் ஆற்காட்டிலும் விளைந்த நெல் இங்கிலாந்தின் சிற்றூர்களில் வாக்காக மாறியிருக்கிறது என்பதை நினைத்தால், ஐரோப்பியத் தேர்தல் வரலாற்றை வெறும் அயல்நாட்டுக் கதையாக என்னால் படிக்க முடிவதில்லை.

இப்படி வாங்க முடிந்ததற்குத் தொகுதிகள் சிறியவையாக இருந்தது ஒரு காரணம். வாக்கு கண்ணுக்குத் தெரிந்தது மற்றொரு காரணம். அன்றைய பிரிட்டனில் வாக்காளர் மேடைக்கு முன் வந்து நின்று, தம் பெயரையும் தாம் ஆதரிக்கும் வேட்பாளரின் பெயரையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுத்தர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். பல ஊர்களில் அந்தப் பதிவேடு பின்னர் அச்சிடப்பட்டு விற்பனைக்கும் வந்தது. குத்தகைக்காரர் யாருக்கு வாக்களித்தார் என்பதைப் பண்ணையார் மாலைக்குள் தெரிந்துகொள்வார். 1832இன் சீர்திருத்தச் சட்டம் ஓல்டு சேரம் உள்ளிட்ட 56 தொகுதிகளை ஒழித்தது, வாக்காளர் எண்ணிக்கையைக் கூட்டியது. ஆனால் வாய்விட்டுச் சொல்லும் முறையைத் தொடவில்லை. கிரேக்க வரலாற்றை எழுதிய ஜார்ஜ் குரோட், இரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று 1830களில் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து தோற்றுக்கொண்டே இருந்தார். 1838இல் வெளியான தொழிலாளர்களின் மக்கள் சாசனம் முன்வைத்த ஆறு கோரிக்கைகளில் இதுவும் ஒன்று.

எதிர்த்தவர்கள் எல்லாரும் பண்ணையார்கள் என்று சொல்லிவிட முடியாது. தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் எதிர்த்தார். லண்டனில் கம்பெனி அலுவலகத்தில் 35 ஆண்டுகள் இந்தியாவுக்கான கடிதங்களை எழுதிய அதே மில்தான். அவருடைய தந்தை ஜேம்ஸ் மில் இரகசிய வாக்கெடுப்புக்காக வாதாடியவர்; மகனும் இளமையில் அதை ஏற்றிருந்தார். பிறகு மனம் மாறி, வாக்கு என்பது ஒருவருடைய சொந்தச் சொத்தன்று, மற்ற எல்லாருக்காகவும் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு, ஆகவே அதை ஊரறியச் செலுத்துவதே முறை என்று 1861இல் எழுதினார். நில உரிமையாளர்களின் மிரட்டல் முன்பு போல் இப்போது இல்லை என்பதும் அவருடைய கணிப்பு. இந்த வாதத்தின் முதற்பாதியை நான் மதிக்கிறேன். வாக்கைப் பொறுப்பாகக் கருதுபவர் மறைவில் இருந்தாலும் அப்படித்தான் கருதுவார். இரண்டாம் பாதி தவறு என்பதை வரலாறு ஏழே ஆண்டுகளில் காட்டிவிட்டது. 1868 பொதுத்தேர்தலில் வேல்ஸ் பகுதியில் லிபரல் கட்சிக்கு வாக்களித்த குத்தகைக்காரர்கள் பலரை, கன்சர்வேட்டிவ் கட்சியைச் சேர்ந்த நில உரிமையாளர்கள் நிலத்தை விட்டே வெளியேற்றினார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்று வளர்ந்த நமக்கு, அந்தக் குத்தகைக்காரர்கள் எவ்வளவு பெரிய துணிச்சலைக் காட்டினார்கள் என்பது எளிதில் விளங்கும்.

அந்த வெளியேற்றங்கள் எழுப்பிய கொந்தளிப்பும் சேர்ந்து 1872இன் வாக்குச்சீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தன. அரசே அச்சிட்ட, எல்லா வேட்பாளர்களின் பெயரும் அடங்கிய சீட்டு, தனி மறைப்பு, பூட்டிய பெட்டி என்ற இந்த முறையை 1856இலேயே ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் நடைமுறைப்படுத்தியிருந்தன. குடியேற்ற நாட்டிடமிருந்து தாய்நாடு கற்றுக்கொண்டது. பிரிட்டனில் நாடாளுமன்ற இடத்துக்கு இரகசியமாக முதன்முதலில் வாக்களித்தவர்கள் 1872 ஆகஸ்ட் 15 அன்று நடந்த இடைத்தேர்தலில் பான்டிஃபிராக்ட் ஊர் மக்கள். அந்த ஊர் அதிமதுர மிட்டாய்க்குப் பெயர்போனது. பெட்டிக்கு முத்திரையிட அச்சு வேண்டியிருந்தபோது, உள்ளூர் மிட்டாய்த் தொழிற்சாலையில் வட்டமான அதிமதுரத் துண்டுகளின் மேல் குத்தும் அச்சையே எடுத்து அரக்கின் மேல் பதித்தார்கள். அந்தப் பெட்டி இன்றும் முத்திரையோடு அவ்வூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மயிலாப்பூரின் நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்தப் பெட்டி நினைவுக்கு வருகிறது.

சட்டத்தின் முழு விளைவும் அயர்லாந்தில்தான் தெரிந்தது. நில உரிமையாளரும் குடியானவரும் மதத்தாலும் நலத்தாலும் பிரிந்திருந்த அந்த நாட்டில், 1874இல் நடந்த முதல் இரகசியப் பொதுத்தேர்தலிலேயே தன்னாட்சி கோரிய கட்சி சுமார் 60 இடங்களைப் பிடித்தது. வாக்குரிமை ஊரகத் தொழிலாளர் வரை விரிந்தபின், 1885இல் அது 85 ஆயிற்று.

பிரான்சின் கதை வேறு வகையானது. அங்கே வாக்குரிமை ஒரே பாய்ச்சலில் விரிந்தது. 1848 புரட்சிக்கு முன்பு சுமார் இரண்டரை இலட்சம் பேருக்கே இருந்த வாக்கு, சில வாரங்களுக்குள் 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 23, ஈஸ்டர் ஞாயிறு, நாடு முழுவதும் வாக்குப்பதிவு. அரசியல் சிந்தனையாளர் தொக்வில் நார்மண்டியில் தம் குடும்பப் பெயரைத் தாங்கிய சிற்றூரின் ஆண்களோடு, அகரவரிசையில் நின்ற ஊர்வலமாகப் பக்கத்து ஊர்ச் சாவடிக்கு நடந்தார். வழியில் ஒரு மேட்டில் நின்று அவர்களிடம் உரையும் ஆற்றினார். ஏறக்குறைய எல்லாரும் ஒரே வேட்பாளருக்கே வாக்களித்ததாகத் தாம் நம்புவதாகவும் எழுதிவைத்தார். அந்த வேட்பாளர் அவரேதான். அவர் நல்லவர், ஊரார் விரும்பியே வாக்களித்திருக்கலாம். ஆனால் ஊர்ப் பெரியவரோடு வரிசையில் நடந்துபோய், வெளியிலேயே எழுதியோ அச்சிட்டோ கொண்டுவந்த சீட்டை அதிகாரியின் கையில் கொடுக்கும் ஒருவர், வேறு முடிவெடுக்க எவ்வளவு இடம் இருந்தது? அதே ஆண்டு டிசம்பரில் அதே வாக்காளர்கள் சுமார் 54 இலட்சம் வாக்குகள் அளித்து லூயி நெப்போலியனைக் குடியரசுத் தலைவராக்கினார்கள். மூன்றே ஆண்டுகளில் அவர் குடியரசைக் கவிழ்த்து, அதற்கடுத்த ஆண்டு பேரரசரானார். பேரரசின் காலத்தில் அரசு ஆதரவு வேட்பாளர்களுக்கான சீட்டுகளை அதிகாரிகளே வீடு வீடாகக் கொண்டுசேர்த்தார்கள். தாளின் நிறமும் தடிமனுமே உள்ளிருப்பதைச் சொல்லிவிடும். உறையும் மறைப்பறையும் பிரான்சில் கட்டாயமானது 1913இல், அதாவது எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை வந்து 65 ஆண்டுகளுக்குப் பிறகு.

இந்தப் பிரெஞ்சுத் தேர்தல்களில் தமிழர்களும் வாக்களித்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1871 முதல் புதுச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சு இந்தியப் பகுதிகள் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பின. இங்கிலாந்தின் ஊரகத் தொழிலாளர் 1884 வரை வாக்கில்லாமல் காத்திருந்தபோது, புதுச்சேரிக் குடியானவர் ஓர் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு வாக்களித்துக்கொண்டிருந்தார். தாளில் இருந்த உரிமை இவ்வளவு. சாவடியில் நடந்தது வேறு. சாவடி யார் கையில் இருந்ததோ அவர்களே முடிவை எழுதினார்கள் என்ற குறை அக்காலப் புதுச்சேரியில் திரும்பத் திரும்ப எழுந்தது. பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்த ஆண்டுகளில், 1914இல், பால் ரிஷார் என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே போட்டியிட்டுத் தோற்றதும் இத்தகைய சூழலில்தான். பெரும்பாலும் பிரான்சைச் சேர்ந்தவர்களே வகித்துவந்த அந்த இடத்தில் 1946இல் லாம்பெர் சரவணன் என்ற தமிழர் போய் அமர்ந்தார்.

இங்கே ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். தேர்தல் வரலாறு என்றதும் நம்மவர்கள் உத்திரமேரூர்க் குடவோலையைச் சொல்வார்கள். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டைக் கண்ணால் பார்த்துப் பெருமிதம் கொண்டவன் நான். ஆனால் அது குடத்திலிருந்து ஏதுமறியாச் சிறுவன் ஓலை எடுக்கும் குலுக்கல். வாக்கெடுப்பு என்பது வேறு. குடவோலைக்கு ஐரோப்பாவில் உண்மையான உறவு வெனிஸ் நகரம்தான்: அங்கேயும் ஆட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பல கட்டக் குலுக்கலில், ஒரு சிறுவனே பந்துகளை எடுத்தான்.

ஒரே மக்கள் மறைப்போடும் மறைப்பில்லாமலும் எப்படி வாக்களிப்பார்கள் என்பதைக் காண விரும்புபவர்கள் பிரஷ்யாவைப் பார்க்க வேண்டும். 1871இல் ஒன்றிணைந்த ஜெர்மனியில், நாட்டின் நாடாளுமன்றத்துக்கு 25 வயது நிறைந்த ஆண்கள் அனைவரும் சமமாக, சட்டப்படி இரகசியமாக வாக்களித்தார்கள். அதன் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் சட்டமன்றத்துக்கோ, வரி கட்டும் அளவைப் பொறுத்து வாக்காளர்களை மூன்று வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் சம பலம் கொடுத்திருந்தார்கள். 1849இல் முதல் வகுப்பில் இருந்தவர்கள் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை, மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல். அதற்கு மேல் எல்லாரும் வாய்விட்டே சொல்ல வேண்டும். 1908இல் பிரஷ்யச் சட்டமன்றத்தில் சமூக ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்தது ஏழு இடங்கள். அதுவே அக்கட்சி அங்கே நுழைந்த முதல் முறை. 1912இல் நாட்டின் நாடாளுமன்றத்திலோ அதே கட்சி 110 இடங்களைப் பிடித்து மிகப் பெரிய கட்சியாயிற்று. வகுப்புப் பிரிவினையும் சேர்ந்தே இந்த வேறுபாட்டை உண்டாக்கியது என்பது உண்மை. ஆனால் முதலாளியின் மேலாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாய் திறந்து சொல்ல வேண்டியிருந்தது எத்தனை பேரை வீட்டிலேயே உட்காரவைத்திருக்கும் என்பதைச் சாவடியில் உட்கார்ந்த யாரும் ஊகிக்கலாம். ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தலிலும் தொடக்கத்தில் இரகசியம் பெயரளவில்தான் இருந்தது. சூப்புக் கிண்ணமும் சுருட்டுப் பெட்டியும் வாக்குப் பெட்டிகளாகப் பயன்பட்டன. சீட்டுகள் விழுந்த வரிசையிலேயே அடுக்கடுக்காக இருந்தால், யாருடைய சீட்டு எது என்று எண்ணுபவருக்குத் தெரிந்துவிடும். 1903இல் உறையும் மறைப்பறையும் வந்தபோது, எதிர்த்தவர்கள் அதைக் கழிப்பறைச் சட்டம் என்று இழிவுபடுத்தினார்கள்.

டென்மார்க்கில் 1849 முதல் அரசியலமைப்பு இருந்தும் 1901 வரை பொதுவெளியில்தான் வாக்களித்தார்கள். முதல் இரகசியத் தேர்தலில், அதுவரை ஆட்சியைக் கையில் வைத்திருந்த வலதுசாரிக் கட்சிக்கு 114இல் எட்டே இடங்கள் மிஞ்சின. மன்னர் மாற்றணியை ஆட்சிக்கு அழைக்க வேண்டியதாயிற்று.

மறைப்பு எப்போதும் நல்லவர்களையே வெல்லவைக்கும் என்று நான் சொல்லவரவில்லை. ஹங்கேரியில் 1920இல் இரகசியமாக வாக்களித்த கிராமத்து மக்களிடமிருந்து அதை 1922இல் திரும்பப் பறித்துக்கொண்டார்கள். 1939இல் நாடு முழுவதும் அது மீண்டும் வந்தபோது, அதனால் பெரிதும் பயனடைந்தவர்களில் நாஜிகளைப் பின்பற்றிய கட்சியும் உண்டு. அந்த முடிவு என்னைக் கலங்கவைக்கிறது. ஆயினும் பண்ணையாரின் கண்ணுக்கு முன்னால் மறைந்துகிடந்த கோபம் இன்னதென்று தெரியவந்ததே தவிர, அந்தக் கோபத்தை மறைப்பு உண்டாக்கவில்லை.

சர்வாதிகாரிகள் மறைப்பின் மதிப்பை நன்றாக அறிந்திருந்தார்கள். 1938 ஏப்ரல் 10 அன்று, ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்ட பின் நடந்த வாக்கெடுப்பின் சீட்டில் 'ஆம்' என்பதற்கு நடுவில் பெரிய வட்டமும், 'இல்லை' என்பதற்கு ஓரத்தில் சிறிய வட்டமும் அச்சிட்டிருந்தார்கள். போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியில் ஒரே வேட்பாளர் பட்டியல். வாக்காளர் சீட்டை வாங்கி மடித்துப் பெட்டியில் போட்டால் அது சம்மதம். ஆகவே மக்கள் வாக்களிக்கப் போவதையே சீட்டு மடிக்கப் போவது என்றார்கள். மறைப்பறை இல்லாமலில்லை, அறையின் தொலை மூலையில் இருந்தது. அங்கே நடந்துபோகிறவர் மறுப்பாளர் என்பது எல்லாருக்கும் தெரியும், அலுவலர்கள் குறித்தும் கொள்வார்கள். சட்டத்தில் உள்ள ஓர் உரிமையை, அதைப் பயன்படுத்துவதையே குற்றச் சான்றாக ஆக்கி அழித்த இந்த முறையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1990 மார்ச் 18 அன்று அதே மக்கள் முதன்முதலாகச் சுதந்திரமாக வாக்களித்தபோது நூற்றுக்கு 93 பேர் சாவடிக்கு வந்தார்கள்.

பெண்களின் வாக்குரிமையிலும் இந்த அட்டைக்குப் பங்குண்டு. 1906இல் வாக்களிக்கவும் போட்டியிடவும் உரிமை பெற்ற பின்லாந்துப் பெண்கள் மறு ஆண்டே 19 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். பிரான்சிலோ கீழவை 1919இல் ஏற்றதை மேலவை 1922இல் தள்ளியது; பெண்கள் பாதிரியார் சொன்னபடி வாக்களிப்பார்கள் என்பது அங்கே அடிக்கடி சொல்லப்பட்ட காரணம். மறைப்பறை வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்த நாட்டில் இந்தக் காரணத்தைச் சொன்னவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்நாட்டுப் பெண்கள் 1945 வரை காத்திருந்தார்கள். 1946 ஜூன் 2 அன்று இத்தாலியப் பெண்கள் முதன்முறையாக நாடு தழுவிய வாக்கெடுப்பில் கலந்துகொண்டபோது, உதட்டுச் சாயம் பூசாமல் வரும்படி மிலானின் பெரிய நாளிதழ் அவர்களுக்கு அறிவுறுத்தியது. சீட்டின் ஓரத்தை நாவால் ஈரமாக்கி ஒட்ட வேண்டியிருந்தது. அதில் சாயம் பட்டால் அடையாளமாகக் கருதப்பட்டு வாக்கு செல்லாததாகிவிடும்.

அம்மா முதன்முதலில் வாக்களித்தது 1957இல், 21 வயதில், கல்யாணமாகி வந்த ஊரில். அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. திரைக்குப் பின்னால் போய் விருப்பமான பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். முந்தைய நாள் ஊர்ப் பெரியவர் ஒருவர் ஆட்களை அனுப்பி, வெற்றிலை பாக்கின் மேல் பணத்தை வைத்துக் கொடுத்து, வீட்டு ஆண்களிடம் கற்பூரத்தின் மேல் சத்தியம் வாங்கியதை அம்மா சொல்லியிருக்கிறார். வாங்கியவருக்குக் கண்ணால் பார்க்க வழியில்லாததால்தான் சாமியைச் சாட்சிக்கு அழைத்தார் என்று எனக்கு இப்போது புரிகிறது. அம்மாவிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை. பெண்கள் தனியாக முடிவெடுப்பார்கள் என்று அந்தப் பெரியவருக்குத் தோன்றவே இல்லை.

பால் பென்ஃபீல்டுக்குப் பதிவேடு இருந்தது. ஊர்ப் பெரியவருக்குக் கற்பூரம் இருந்தது. இன்று பணம் கொடுப்பவர் கைப்பேசிப் படத்தைக் கேட்கிறார். இத்தாலியில் மறைப்பறைக்குள் சீட்டைப் படமெடுத்துக் காட்டி வாக்கை விற்பது பெருகியதால், 2008இல் கைப்பேசியோடு உள்ளே போவதையே சட்டத்தால் தடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த அலுவலரும் அட்டையை நிறுத்திய பிறகு, மேசையின் ஓரத்தில் இருந்த என் கைப்பேசியை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.